தெரியாமல் விற்பவன்

புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ-க்கு டர்போ போடும் ஆசையில் நான்கு ஆஃப்டர்மார்க்கெட் இன்ஜெக்டர்கள் வாங்கி வைத்திருந்தேன். நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் விடும் ரகம். ஆசை அடங்கிப்போய் 400 வெள்ளிக்கு விற்க நினைத்தேன். பிறையிலிருந்து பாலம் தாண்டி கெலுகோருக்கு ஒரு தம்பி வந்தான். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யுமா அண்ணே?" என்றான்.

செய்யும். அது பொய்யில்லை. ஆனால் முந்தின வாரம்தான் ஃப்ளோ டெஸ்ட் செய்திருந்தேன். மூன்று சரியாக 440 காட்டின. நான்காவது 395.

சும்மா ஓடும்போது இது தெரியாது. டர்போ அழுத்தத்தில், மற்ற மூன்று சிலிண்டர்களில் 1 பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று என்றால், இதில் 13-ஐத் தாண்டும். சூடு ஏறும், நாக்கிங் வரும், கடைசியில் பிஸ்டன் உருகும். எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஒரே ஆக்சிஜன் சென்சார் நான்கின் சராசரியைத்தான் சொல்லும். மூன்று நல்லவை ஒரு கெட்டதை மறைத்துவிடும்.

கிமு 44-இல் சிசரோ, கடமைகள் பற்றிய தன் நூலில், ஒரு பழைய வாதத்தைச் சொல்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியத்தோடு வந்த வணிகனுக்குப் பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது தெரியும். அதை அவன் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்காததைச் சொல்லாமலிருப்பது மறைப்பது ஆகாது என்பது டயோஜெனிஸ் கட்சி. சொல்லத்தான் வேண்டும் என்பது அவர் மாணவர் ஆன்டிபேட்டர் கட்சி. சிசரோ மாணவர் பக்கம்.

நானும் சொல்லிவிட்டேன். தம்பி நன்றி சொல்லிவிட்டு வாங்காமல் போனான். ஒரு வாரம் கழித்து, வேறொருவரிடம் அதே விலைக்கு வாங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். "ஃப்ளோ பார்த்தாங்களா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, அவரு பார்த்ததில்லையாம். ஆனா நல்ல மனுஷன், பொய் சொல்லல."

அன்றிலிருந்து இதுதான் உறுத்துகிறது. அந்த ரோட்ஸ் வணிகனுக்காவது விஷயம் தெரியும். நம் பழைய சாமான் சந்தையில் தெரியாமலிருப்பதுதான் லாபம். சோதித்தவன் ஒன்று சொல்லி நஷ்டப்பட வேண்டும், இல்லை மறைத்துக் குற்றவாளியாக வேண்டும். சோதிக்காதவனுக்கு இரண்டும் இல்லை. பணமும் வந்துவிடும், மனசாட்சியும் சுத்தமாக இருக்கும்.

அந்தச் சுத்தத்தை நான் நம்பவில்லை. சில பத்து வெள்ளியில் தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் விற்பவன், ஒரு சின்னச் செலவை மிச்சம்பிடித்து ஒரு பெரிய ஆபத்தை அடுத்தவன் தலையில் இறக்கிவைக்கிறான். பொய் சொல்லாமலே அதைச் செய்ய முடிகிறது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் சாமான் வாங்கப் போனால் "வேலை செய்யுமா?" என்று நான் கேட்பதில்லை. "பார்த்தீங்களா?" என்றுதான் கேட்கிறேன்.