நோய் யார் குற்றம்?

நோயுற்ற ஏழையைக் குற்றவாளியாக்கும் வழக்கம் நம்மிடையே பழையது. அழுக்கன், அறியாதவன், சொல்லிக் கேளாதவன் என்கிறோம். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர் வினாக்கொத்துடன் ஒரு கிராமத்துள் நுழையும்போது இந்தத் தீர்ப்பையும் உடன்கொண்டு செல்லலாமா?

1934-35இல் மலேரியா இலங்கையைச் சூறையாடியது. மழை பொய்த்து, வற்றிய ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பட்டினியால் நலிந்த உடல்களே எளிதில் வீழ்ந்தன. மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தோழர்களும் நிவாரணப் பணியில் இறங்கியபோது, கொயினா மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்பது வெளிப்பட்டது. 2016இல் இந்நாடு மலேரியா அற்றதென உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. நுளம்பை ஒழித்தும், இரத்தத்தைச் சோதித்தும், இலவசமாக மருந்தளித்தும் பல்லாண்டு நடந்த பொதுமுயற்சியே அதைச் சாதித்தது.

தனிமனிதப் பழக்கத்திற்குப் பங்கே இல்லையா எனச் சிலர் வினவுவர். உண்டு. கைகழுவக் கற்பிப்பதும் கடமையே. ஆயினும், தோட்டத்து லயத்தில் பல குடும்பங்கள் ஒரே குழாயடியில் காத்து நிற்கையில், அறிவுரையை மட்டும் வழங்கிவிட்டுத் திரும்புவது ஏளனமாகும்.

வீடு வீடாகத் திரட்டிய எண்கள் பரீட்சையோடு முடிந்துவிடலாகாது. தம் வாசலைத் திறந்து குறைகளைச் சொன்ன மக்களுக்கு மாணவர் கடன்பட்டுள்ளனர். அந்த எண்களைப் பிரதேச சபையின் முன்னும் தோட்ட நிர்வாகத்தின் முன்னும் வைத்து, நீர் எங்கே என்று கேட்கும்போதுதான் அக்கடன் தீரத் தொடங்கும். அக்கேள்வியைக் கேட்கத் துணியாத கல்வி பட்டம் தரலாம். மக்களுக்கு நலம் தராது.