சுப்ஹானல்லாஹ்: அவதூறு காதில் விழும்போது சொல்லவேண்டிய வார்த்தை

  

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ருகூவில் மூன்று தடவை "சுப்ஹான ரப்பியல் அழீம்" சொல்கிறோம். இரண்டு ஸஜ்தாக்களிலும் சேர்த்து ஆறு தடவை "சுப்ஹான ரப்பியல் அஃலா" சொல்கிறோம். ஆக ஒரு ரக்அத்தில் ஒன்பது. ஃபர்ளான 17 ரக்அத்துகளுக்கு 153. ஐந்து நேரத் தொழுகைக்குப் பின்னும் 33 தடவை "சுப்ஹானல்லாஹ்" என்றால் அது 165. சுன்னத், நஃபில் எதையும் சேர்க்காமலே ஒரு நாளைக்கு 318 தடவை. (ஜும்ஆ இரண்டு ரக்அத் என்பதால் இன்றைக்குக் கொஞ்சம் குறையும்.) இத்தனை தடவை நம் நாவில் வரும் ஒரு வார்த்தை பள்ளிவாசல் படியை விட்டு இறங்கியதும் என்ன ஆகிறது?

பெரும்பாலும் ஆச்சரியச் சொல்லாக மாறிவிடுகிறது. அழகான குழந்தையைப் பார்த்தால் சுப்ஹானல்லாஹ். மலை, அருவி, கடல் பார்த்தால் சுப்ஹானல்லாஹ். வாட்ஸ்அப்பில் மேகத்தில் அரபி எழுத்து தெரிவதுபோல ஒரு படம் வந்தால், அது உண்மையா, யாராவது கம்ப்யூட்டரில் செய்ததா என்றுகூடப் பார்க்காமல் அதற்கும் ஒரு சுப்ஹானல்லாஹ். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு வியந்து சொல்வது தவறல்ல, அது சுன்னத்தான வழக்கம்தான். ஆனால் குர்ஆனும் ஹதீஸும் இந்த வார்த்தையை வைத்திருக்கும் இன்னொரு இடத்தை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம்.

அரபியில் இந்தச் சொல்லின் வேர் "ஸபஹ". நீந்துதல் என்பது அதன் பொருள். சூரியனும் சந்திரனும் தத்தம் பாதையில் நீந்துகின்றன என்று அல்லாஹ் சொல்லும் இடத்தில் (21:33) இதே வேர்ச்சொல்தான் வருகிறது. நீந்துகிறவர் கரையை விட்டு விலகி வெகுதூரம் போகிறார் அல்லவா? அதுபோல அல்லாஹ்வை எல்லாக் குறைகளிலிருந்தும், அவனுக்குத் தகாத எல்லாப் பேச்சுகளிலிருந்தும் வெகுதூரம் விலக்கிச் சொல்வதே தஸ்பீஹ் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். "அல்ஹம்து லில்லாஹ்" என்பது அல்லாஹ்விடம் உள்ள நிறைவை எடுத்துச் சொல்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்பது அவனிடம் இல்லாத குறையை மறுக்கிறது. பாத்திரத்தைக் கழுவிவிட்டுத்தானே பால் ஊற்றுகிறோம்? "சுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி" என்று தஸ்பீஹை முன்னும் ஹம்தைப் பின்னும் சொல்வதை அப்படிப் புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் இது ஒரு மறுப்புச் சொல். பொய் பேசப்படும் இடத்தில் முஃமினின் வாயிலிருந்து வரவேண்டிய சொல். அல்லாஹ்வுக்குப் பிள்ளை உண்டு என்று சிலர் சொன்னதைக் குறிப்பிட்ட உடனேயே குர்ஆன் "சுப்ஹானஹு" என்கிறது (2:116). தன்னையும் தன் தாயையும் கடவுள்களாக எடுத்துக்கொள்ளும்படி மக்களிடம் சொன்னீரா என்று மறுமையில் கேட்கப்படும்போது, ஈஸா (அலை) அவர்களின் பதில் "சுப்ஹானக்க" என்றுதான் தொடங்கும் (5:116).

ஒரே சம்பவத்தில் மூன்று வாய்களில்

இந்த வார்த்தை மனிதர்களுக்கு இடையில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சொல்லப்பட்ட அவதூறைவிடப் பெரிய உதாரணம் இல்லை. சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடப் போனார்கள். அவர்கள் உள்ளே இருப்பதாக நினைத்துச் சிவிகையை ஒட்டகத்தின் மீது ஏற்றிவிட்டுப் படை கிளம்பிவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தன் ஒட்டகத்தில் அன்னையை ஏற்றி, தான் நடந்து, படையிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபைக்கு அது போதுமாக இருந்தது.

மதீனா முழுக்கப் பேச்சு. யாரைப் பற்றிப் பேச்சோ அவர்களுக்கு மட்டும் ஒரு மாதம் வரை தெரியாது. காய்ச்சலில் படுத்திருந்தார்கள். உம்மு மிஸ்தஹ் (ரலி) அவர்கள் வழியாக விஷயம் தெரிந்ததும், அனுமதி கேட்டுத் தாய் வீட்டுக்குப் போய், உம்மாவிடம் விசாரிக்கிறார்கள். மகளைத் தேற்றுவதற்காகத் தாயார் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்போது அன்னையின் வாயில் வந்த முதல் சொல் "சுப்ஹானல்லாஹ்". மக்கள் இதையா பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அன்றிரவு விடியும்வரை கண்ணீர் நிற்கவில்லை, கண் மூடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

அடுத்து, பழி சுமத்தப்பட்ட ஸஃப்வான் (ரலி) அவர்கள். அவர்களும் "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லித்தான் தன் கற்பொழுக்கத்தைச் சத்தியமிட்டு எடுத்துரைத்தார்கள். மூன்றாவது, வீட்டில் இருந்த பணிப்பெண். வீட்டுக்குள்ளே நடப்பதை அந்தப் பெண்ணைவிட நன்றாக அறிந்தவர் யார்? கடுமையாக விசாரித்தபோது அவரும் "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி, பொற்கொல்லருக்குச் சுத்தத் தங்கத்தைப் பற்றி என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் இவர்களைப் பற்றித் தெரியும் என்ற கருத்தில் பதில் சொன்னார் (புகாரி).

பிறகு வானத்திலிருந்து வசனம் இறங்கியது. அதைக் கேட்டபோதே, இதைப் பேசுவது நமக்குத் தகாது, இது மாபெரும் அவதூறு என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கேட்கிறான் (24:16). அந்த வசனத்திலும் நடுவில் "சுப்ஹானக்க" இருக்கிறது. கவனியுங்கள், பழி சொல்லப்பட்டது ஒரு பெண்மணி மீது. தூய்மை சொல்லப்படுவதோ அல்லாஹ்வுக்கு. ஏன்? தன் நபிக்கு அப்படிப்பட்ட ஒரு துணையை அமைத்துத் தரும் குறை அல்லாஹ்விடம் கிடையாது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகிறார்கள். எனக்குத் தோன்றும் இன்னொன்றையும் சொல்கிறேன். ஊர்ப்பேச்சுக்கு நடுவில் ஒருவர் உண்மையாகவே அல்லாஹ்வை நினைத்துவிட்டால், அதற்கு மேல் அந்தப் பேச்சு அவர் வாயில் ஓடாது.

அதற்கு முந்திய வசனத்தில் இன்னொரு நுட்பம். அந்தச் செய்தியை நீங்கள் உங்கள் நாவுகளால் வாங்கினீர்கள் என்று அல்லாஹ் சொல்கிறான் (24:15). செய்தியைக் காதால்தானே வாங்குவோம்? காதில் விழுந்து, மனதில் இறங்கி, உண்மையா பொய்யா என்று யோசித்து, பிறகு வாய்க்கு வரவேண்டும். அந்த வழியே இல்லாமல் நாவிலிருந்து நாவுக்கு நேராகப் போனது. இன்றைக்கு விரல்நுனியிலிருந்து விரல்நுனிக்கு. வீடியோ முழுவதும் ஓடி முடிவதற்குள் நான்கு குரூப்புகளுக்கு அனுப்பியாகிவிட்டது. அதை நீங்கள் இலேசாக நினைக்கிறீர்கள், அல்லாஹ்விடம் அது பெரிய விஷயம் என்றும் அதே வசனம் சொல்கிறது.

இதில் விழுந்தவர்கள் முனாஃபிக்குகள் மட்டுமல்ல. மிஸ்தஹ் (ரலி) அவர்கள் பத்ரில் கலந்துகொண்ட ஸஹாபி. அவர்களுடைய நாவும் அன்று சறுக்கியது என்றால், நமக்கு எவ்வளவு பயம் இருக்கவேண்டும்!

நம் தெருவில்

ஒரு பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மஹல்லாவில் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். ஒருவர் சொல்கிறார்: "நல்ல குடும்பம்தான்... ஆனா..." அவ்வளவுதான். "ஆனா" என்று இழுத்துவிட்டு, "நமக்கு எதுக்குப் பொல்லாப்பு, நீங்களே விசாரிச்சுக்குங்க" என்கிறார். ஒரு பொய்கூட அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த "ஆனா" ஒரு வீட்டின் நிக்காஹ்வை நிறுத்திவிடும். அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. காலேஜ் பஸ்ஸில் யாரோ பார்த்தார்களாம், யாரோ சொன்னார்களாம். எல்லாமே "ஆம்"!

அப்படியானால் திருமண விஷயத்தில் கேட்டால் எதையுமே சொல்லக்கூடாதா? அப்படியல்ல. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியில்லாதவர், இன்னொருவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள் (முஸ்லிம்). கேட்டவருக்கு, தேவையான அளவு, உறுதியாகத் தெரிந்ததைச் சொல்வது அமானத். காதில் விழுந்ததைச் சொல்வது வேறு. தெரிந்தது என்ன, கேள்விப்பட்டது என்ன என்று பிரிக்கத் தெரியாதவர் வாயை மூடிக்கொள்வதே நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வார்த்தையையே புறம் பேசப் பயன்படுத்துவது. "சுப்ஹானல்லாஹ்! அப்படியா? அப்புறம்?" என்று கேட்பவர் தஸ்பீஹ் சொல்லவில்லை, கதையை வளர்க்கிறார். ஒருவரின் குறையைப் பற்றிய பேச்சு வரும்போது, மற்றவர்களின் கவனத்தை அதன்பால் திருப்புவதற்காகவே "சுப்ஹானல்லாஹ், என்ன ஆச்சரியம்" என்று சொல்வதும் புறத்தின் ஒரு வகை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் "இஹ்யா"வில் எச்சரிக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மைப் பார்த்ததுபோல எழுதியிருக்கிறார்கள்!

எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கும் ஹதீஸில் பாடம் இருக்கிறது. ஒரு ரமளானில் நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் பார்க்க வந்தார்கள். திரும்பும்போது வழியனுப்ப நபி (ஸல்) அவர்களும் கூட நடந்தார்கள். அன்சாரிகள் இருவர் கண்டுவிட்டு வேகமாக நடந்தார்கள். அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அந்த இருவரும் "சுப்ஹானல்லாஹ், யா ரஸூலல்லாஹ்" என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). உங்களையா நாங்கள் சந்தேகிப்போம் என்ற பதைப்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நம் சகோதரனைப் பற்றி, சகோதரியைப் பற்றி ஒருவர் தப்பாகத் தொடங்கும்போது அதே பதைப்போடு "சுப்ஹானல்லாஹ், நமக்கு இது வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். பேசுகிறவர் பேச்சை மாற்றிவிடுவார். மாற்றவில்லை என்றால் நாம் எழுந்துவிடலாம்.

சபையை விட்டு எழும்போது ஓதும் "சுப்ஹானக்கல்லாஹும்ம வபிஹம்திக" என்ற துஆ அந்த மஜ்லிஸின் குற்றங்களுக்குப் பரிகாரம் என்று ஹதீஸில் வருகிறது (திர்மிதி). அதை மனப்பாடம் செய்யுங்கள். ஆனால் இஷ்டத்துக்குப் பேசிவிட்டுக் கடைசியில் இதை ஓதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடவேண்டாம். ஒருவரின் மானத்தைக் கெடுத்திருந்தால் அது அடியானின் ஹக். அவரிடம்தான் தீர்க்கவேண்டும். எந்த நாலு பேரிடம் சொன்னோமோ அந்த நாலு பேரிடம் போய், "நான் சொன்னது தப்பு" என்றும் சொல்லவேண்டும்.

அல்லாஹ்வின் மீதே பழி வரும்போது

மனிதர்கள் மீது மட்டுமா பழி போடுகிறோம்? கடையில் நஷ்டம், பயிர் மூழ்கிப் போனது, பிள்ளைக்கு நோய். உடனே "அல்லாஹ்வுக்குக் கண்ணில்லையா?" என்று சிலர் வாய் தவறிச் சொல்லிவிடுகிறார்கள். தஸ்பீஹ் முதலில் வரவேண்டிய இடமே அதுதான். சூரா கலமில் தோட்டக்காரர்களின் வரலாறு இருக்கிறது. ஏழைகளுக்குத் தெரியாமல் விடியற்காலையில் போய்ப் பறித்துவிடத் திட்டமிட்டார்கள். இரவோடு இரவாகத் தோட்டம் அழிந்தது. அவர்களில் நடுநிலையானவர், நீங்கள் தஸ்பீஹ் செய்திருக்க வேண்டாமா என்று அன்றே சொன்னேனே என்றார். அப்போது அவர்கள் எங்கள் இறைவன் தூயவன், அநியாயம் செய்தது நாங்கள்தான் என்றார்கள் (68:28, 29). அதே சூராவின் கடைசியில் மீனுடையவர் என்று சொல்லப்படும் யூனுஸ் (அலை) அவர்களும் மீன் வயிற்றின் இருளில் இதையேதான் சொன்னார்கள் (21:87).

ஆனால் ஒன்று. மய்யித்து வீட்டில் ஒரு தாய் துக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டார் என்று அங்கே போய் இந்தப் பயானை நடத்தாதீர்கள். தன் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களும் அழுதன. அழுகை குற்றமல்ல. அவர் பக்கத்தில் உட்காருங்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். புத்தி சொல்ல வேறு நாள் இருக்கிறது.

பேசியவர்களுக்கு இவ்வளவு சொன்னோம். பேச்சுக்கு ஆளாகி, ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருப்பவர் இங்கேயும் யாராவது இருக்கலாம். அவருக்கு அல்லாஹ் தன் நபியிடம் சொன்னதையே சொல்கிறேன். அவர்கள் பேசுவதால் உம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதை நாம் அறிவோம் என்று முதலில் சொல்கிறான். அதன் பிறகுதான், உம் இறைவனின் புகழைக்கொண்டு தஸ்பீஹ் செய்வீராக, ஸஜ்தா செய்பவர்களில் இருப்பீராக என்கிறான் (15:97, 98). முதலில் "அறிவோம்" என்ற ஆறுதல், பிறகு மருந்து. அவர்கள் பேசுவதைப் பொறுத்துக்கொண்டு, சூரியன் உதிக்குமுன்னும் மறையுமுன்னும் தஸ்பீஹ் செய்யும்படி வேறு இரண்டு இடங்களிலும் வருகிறது (20:130, 50:39). ஃபஜ்ருக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் ஒரு பத்து நிமிடம் பள்ளியின் ஓரத்தில் உட்காருங்கள். உங்களைப் பற்றி ஊருக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்.

சொர்க்கத்தில் பொய்ப் பேச்சும் வீண் பேச்சும் காதில் விழாது (78:35). மறுப்பதற்கு அங்கே எதுவுமில்லை. ஆனாலும் அங்கே அவர்களுடைய அழைப்பு "சுப்ஹானக்கல்லாஹும்ம" என்பதுதான், அவர்களுக்குள் முகமன் ஸலாம்தான் (10:10). மூச்சு விடுவது எப்படித் தானாக நடக்கிறதோ அப்படியே தஸ்பீஹும் ஹம்தும் அவர்கள் உள்ளத்தில் போடப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (முஸ்லிம்). அந்தக் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும், நாம் மனம் நோகச் செய்தவர்களையும் ஒன்றாகச் சேர்ப்பானாக. ஆமீன்.