கதிர்வீச்சு நாளில் நோன்பு

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. அதில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அண்டையிலுள்ள இந்த இரண்டு உறுப்புகளின் நிலையும் சிகிச்சையின் பலனைப் பாதிக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்படும்; சிறுநீர்ப்பையின் பெரும்பகுதியும் கதிர் படும் இடத்திலிருந்து விலகி நிற்கும். மலக்குடலில் மலமோ வாயுவோ தேங்கினால் புராஸ்டேட் முன்பக்கம் நகர்ந்து குறி தவறும். திட்டமிடும் சி.டி. ஸ்கேனின்போது மலக்குடல் விரிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடியிருந்ததை 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதனால்தான் நோயாளி முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு சுமார் 350 முதல் 500 மில்லி தண்ணீர் குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்து மேசையில் படுக்கிறார். மலக்குடலைக் காலி செய்யச் சில மருத்துவமனைகள் சிறிய எனிமாவும் கொடுக்கின்றன. அளவும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஸ்கேன் எடுத்த நாளில் உடல் இருந்த நிலை ஒவ்வொரு சிகிச்சை நாளிலும் திரும்ப அமைய வேண்டும் என்பது எங்கும் பொது.

இன்று பரவலாக உள்ள ஒரு முறையில் 60 கிரே கதிர்வீச்சு 20 தவணைகளாக, வாரத்துக்கு 5 நாள் என்று 4 வாரங்களுக்குத் தரப்படுகிறது. பழைய முறையில் இது ஏழெட்டு வாரம் நீளும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் நோன்பு மாதமான ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. சிகிச்சைக் காலம் அதற்குள் விழுவது அரிதல்ல. பகலில் ஒரு மிடறு தண்ணீரும் நோன்பை முறித்துவிடும். சிகிச்சையோ தண்ணீர் இல்லாமல் நடக்காது. இந்த நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பது மார்க்கச் சட்டத்தின் கேள்வி.

திருக்குர்ஆனின் அல்-பகரா அத்தியாயத்தில் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோன்பை ஈடுசெய்ய அனுமதி தருகின்றன. எந்த நோய் இந்தச் சலுகைக்கு உரியது என்பதை ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட நூல்கள் வரையறுத்திருக்கின்றன: நோன்பால் நோய் முற்றும், குணமாவது தாமதமாகும், அல்லது தாங்க முடியாத சிரமம் நேரும் என்ற நிலை. இதைச் சொந்த அனுபவமோ நம்பகமான மருத்துவரின் சொல்லோ உறுதிப்படுத்த வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான தடை எழுகிறது. பசியோ தாகமோ புராஸ்டேட் புற்றுநோயை வளர்ப்பதில்லை. நோயாளி நடமாடக்கூடியவராகவும் நோன்பு நோற்கும் தெம்புள்ளவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர் நோயைக் காரணம் காட்டி நோன்பை விடலாமா? தீங்கு நோன்பிலிருந்து நேரடியாக வருகிறதா, சிகிச்சை தடைபடுவதால் வருகிறதா என்ற வேறுபாட்டை முன்வைக்கும் வாதம் இது. ஆனால் சலுகைக்கு அடிப்படை தீங்கைத் தவிர்ப்பதே. தயாரிப்பு இல்லாமல் பாயும் கதிர் குடலையும் சிறுநீர்ப்பையையும் புண்ணாக்கலாம். குறி தவறினால் நோயும் மிஞ்சலாம். நடுவில் விட்டுவிட்டுச் செய்யும் சிகிச்சையின் பலனும் குறையும். ஆகவே தண்ணீர் குடிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி; அந்த நாளுக்கு நோயாளியின் சலுகை முழுமையாகப் பொருந்துகிறது. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) ஷரீஅத்தின் நோக்கங்களாகத் தொகுத்த ஐந்தில் உயிரைக் காப்பதும் ஒன்று.

எனிமா குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. திரவ எனிமா நோன்பை முறிக்கும் என்பது நான்கு மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) பெரும்பான்மை நிலை. இப்னு தைமிய்யா (1263–1328) அது உணவும் அல்ல, உணவுக்கு நிகரானதும் அல்ல என்பதால் முறிக்காது என்றார். சிறுநீர்க் குழாய் வழியாகச் செலுத்தப்படுவதிலும் இப்படி வேறுபாடு உண்டு: அது நோன்பை முறிக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் அபூஹனீஃபா முறிக்காது என்றார். ஜித்தாவிலுள்ள பன்னாட்டு ஃபிக்ஹு அகாதமி 1997இல் எடுத்த தீர்மானமும் சிறுநீர் வழியில் குழாய் செருகுவதை நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் சேர்த்தது. அப்படியானால் நோன்பைக் காக்க, குழாய் வழியே சிறுநீர்ப்பையை நிரப்பச் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. தினமும் குழாய் செருகுவது வலியையும் தொற்று அபாயத்தையும் கூட்டும். எளிய சலுகை இருக்கும்போது சிரமமான வழியைத் தேடுவதை மார்க்கம் கேட்பதில்லை.

நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் நேரத்தில் நிறையக் குடித்துச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் காலை ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் சிறுநீராக வெளியேறிவிடும். தாகத்தோடு இருக்கும் உடலில் சிறுநீர்ப்பை நிரம்புவதும் மெதுவாகும், மலச்சிக்கலும் சேரலாம். நோன்பு திறந்த பின் இரவில் சிகிச்சை பெற மருத்துவமனையில் வசதி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களில் சிலருக்குக் கதிர்வீச்சு தொடங்கும் நாளை ரமலானுக்கு முன்னோ பின்னோ மாற்றிவைக்க முடியும். அது மருத்துவரின் முடிவு. தொடங்கிய சிகிச்சையை நிறுத்திவைப்பது மட்டும் கூடாது.

சலுகை தேவையின் அளவோடு நிற்கும் என்பது ஃபிக்ஹின் விதி. சிகிச்சை இல்லாத சனி, ஞாயிறுகளில் உடல்நிலை இடம்கொடுத்து மருத்துவரும் சம்மதித்தால் நோன்பு நோற்கலாம்; திங்களன்று சிறுநீர்ப்பை சரியாக நிரம்ப, ஞாயிறு இரவு நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். விட்ட நாட்களுக்குக் களா, அதாவது பின்னர் நோற்று ஈடுசெய்வது, உண்டு. தக்க காரணத்தோடு விட்டதால் கஃப்பாரா எனும் குற்றப் பரிகாரம் இல்லை. சிறுநீர் எரிச்சலும் வயிற்றுப்போக்கும் சிகிச்சையின் கடைசி வாரங்களில் கூடி, முடிந்த சில வாரங்களில் தணிவது வழக்கம். களாவை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். இனி நோன்பு நோற்கவே இயலாது என்ற நிலையிலுள்ள முதியவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற கணக்கில் ஃபித்யா கொடுக்கிறார்.

தொழுகையையும் இந்தத் தயாரிப்பு தொடுகிறது. சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது). எனவே, வக்து (தொழுகை நேரம்) தவறாதபடி, தண்ணீர் குடிப்பதற்கு முன்போ, சிகிச்சை முடிந்து சிறுநீர் கழித்த பிறகோ தொழுவது நல்லது. சிகிச்சையால் சிறுநீர் தொடர்ந்து சொட்டும் நிலை வந்தால் ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் ஓர் உளூ (தொழுகைக்கான உறுப்புத் தூய்மை) போதும். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்த பின் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஃபர்ளு (கடமையான) தொழுகைக்கும் புதிதாக உளூ செய்ய வேண்டும்.

சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு என்ற எண்ணம் சில முதியவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அவர்கள் நோன்போடு வந்து, தண்ணீர் குடித்ததாகச் சொல்லி மேசையில் படுத்துவிடக்கூடும். இது உடலுக்கும் தீங்கு, மார்க்கத்துக்கும் பொருந்தாது. உயிருக்கோ உறுப்புக்கோ கேடு வரும் என்று தெரிந்தால் நோன்பை விடுவது கடமையே என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவரிடம் நோன்பைப் பற்றியும், தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் சிகிச்சையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நோன்பைக் கடமையாக்கிய அதே வேதம்தான் நோயாளிக்கு வேறு நாட்களையும் கொடுத்திருக்கிறது.