சங்கல்பத்தில் ஊர் பெயர்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் சாலைகளில் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகக் கூட்டம் நடக்கத் தொடங்கிவிடும். காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாக வருகிறவர்களும் மதுரைச் சாலையில் வருகிறவர்களும் இங்கே சேர்ந்து பழனிச் சாலையைப் பிடிப்பார்கள். இங்கிருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அன்னதானப் பந்தலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருப்பவரிடம் "எதுவரைக்கும் சாமி?" என்று கேட்டுப் பாருங்கள். பழனி என்று சொல்லமாட்டார். "ராத்திரிக்குள்ள ஒட்டன்சத்திரம் போயிரணும் சாமி" என்பார். பழனி மனசுக்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றுமில்லை. பேச்செல்லாம் இன்றைய ராத்தங்கலைப் பற்றித்தான்.

வாழ்க்கையில் பெரிதாக ஒன்றை விரும்புகிறவர்களுக்கு நம் பூஜை முறையே ஒரு வழி வைத்திருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை. எந்தப் பூஜைக்கும் முன்னால் சங்கல்பம் உண்டு. இடது உள்ளங்கை மேல் வலது கையைக் கவிழ்த்து வலது தொடையில் வைத்துக்கொண்டு, சாஸ்திரிகள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறோம். பிரம்மாவின் ஆயுளில் இது எந்தப் பாதி என்று அது ஆரம்பிக்கும். பிறகு மன்வந்தரம், யுகம். அதற்குப் பிறகு எந்தத் தேசம், மலைக்கு எந்தப் பக்கம், எந்த நதிக்கரை. வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். அளவே இல்லாத காலத்தில் தொடங்கி, இந்த ஊர், இந்தச் செவ்வாய்க்கிழமை, இந்த மனிதன் என்று வந்து நிற்கும். அதன் பிறகுதான் இன்னதைச் செய்யப்போகிறேன் என்ற வாக்கியம். கடைசிச் சொல் ‘கரிஷ்யே’. செய்வேன் என்பதுதான் அங்கே பேச்சு. பலன்களின் பெயர்களும் உண்டு. ஆனால் வாக்கியத்தை முடித்துவைப்பது செயல்.

கல்யாண மண்டபங்களில் நடக்கும் முன்னேற்றப் பயிலரங்குகளில் வேறு விதமாகச் சொல்லித்தருகிறார்கள். வேண்டிய வீட்டின் படத்தை, காரின் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டித் தினமும் பார்க்க வேண்டுமாம். ஒட்டட்டும், பாவமில்லை. ஆனால் அந்தப் படத்தில் திதியும் இல்லை, நதிக்கரையும் இல்லை, செய்கிறவன் பெயரும் இல்லை. அது ஆசையின் புகைப்படம், அவ்வளவுதான்.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் நடுவில் இருக்கிறது காந்திகிராமம். எனக்குச் சங்கல்பம் என்றால் அந்த இடம்தான் நினைவுக்கு வரும். அதை உண்டாக்கிய டாக்டர் சௌந்தரமும் நினைவுக்கு வருவார். 1904ல் பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதில் கல்யாணம். கணவர் மருத்துவர்; கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துபோனார். இருபதை ஒட்டிய வயதில் கைம்பெண். அந்த வீட்டில் அவருக்கு வசதியான ஒரு மூலை எப்போதும் இருந்திருக்கும். அதை விட்டு டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936ல் பட்டம் பெற்றார்.

அங்கே உடன் படித்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. ஹரிஜன சேவையில் இருந்த ஜி. ராமச்சந்திரனோடு மனம் ஒத்தது. மறுமணம், அதிலும் சாதி கடந்தது. வீட்டில் சம்மதமில்லை. காந்தி என்ன சொன்னார் தெரியுமா? ஒரு வருஷம் பிரிந்திருங்கள். பார்க்கவும் வேண்டாம், கடிதம் எழுதவும் வேண்டாம். அதன் பிறகும் இதே எண்ணம் இருந்தால் ஆசி தருகிறேன் என்றார். இருவரும் அப்படியே பிரிந்திருந்தார்கள். 1940ல் கல்யாணம் நடந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த வேட்டியும் கஸ்தூர்பா நூற்ற நூலில் நெய்த சேலையும் பரிசு.

அந்த ஒரு வருஷத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. விரும்பியதை மனசில் வைத்துக்கொண்டே, கையை எடுத்துவிடுவது. அதற்குப் பிறகும் மிஞ்சியிருக்கிற விருப்பம் எதுவோ அதற்குத்தான் நாள் குறிக்க வேண்டும். நம்மில் பலருடைய லட்சியங்களுக்கு ஒரு வருஷ மௌனத்தைத் தாங்கும் வலு இருக்காது என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து வந்த ஆசை ஆறு மாதத்தில் உதிர்ந்துவிடும். உதிர்வது நல்லதுதான். மிச்சமிருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

1944ல் கஸ்தூர்பா மறைந்த பிறகு, அவர் பெயரால் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணிசெய்ய ஓர் அறக்கட்டளை உண்டானது. தமிழ்நாட்டுக்கு அதன் பிரதிநிதியாகச் சௌந்தரத்தைக் காந்தி நியமித்தார். மதுரையில் தந்தையின் செல்வாக்கில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றையே அவர் எழுப்பியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது நெசவாளர்கள் நிறைந்த சின்னாளபட்டியை. இரண்டு படுக்கைகளோடு ஒரு சின்ன மருத்துவமனை. 1947 அக்டோபர் 7ல் காந்திகிராமம் தொடங்கியது. கிராம சேவை செய்வேன் என்பது யாரும் சொல்லக்கூடிய வாக்கியம். இந்த ஊர், இந்தத் தெரு, பிரசவத்துக்கு இரண்டு கட்டில் என்று சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது. மறுநாள் காலையில் யாரோ ஒருத்தி வலியோடு வந்து வாசலில் நிற்பாள்.

தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். தன் பெயரில் எழுந்த கிராமத்தை அவர் பார்க்கவே இல்லை. வேலை நிற்கவில்லை. 1956ல் ஊரக உயர்கல்வி நிலையம் வந்தது. 1976ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சௌந்தரம் சட்டமன்றத்துக்குப் போனார், 1962ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார், மத்தியக் கல்வித் துணை அமைச்சராக இருந்தார். 1984ல் மறைந்தார். இரண்டு கட்டிலில் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவமனை இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகளோடு இருக்கிறது.

சௌந்தரம் கைப்பிடித்துப் படிக்கவைத்த பெண்களில் ஒருவர் இதே வட்டாரத்தின் அய்யங்கோட்டையில் பிறந்த கிருஷ்ணம்மாள். நிலமில்லாத தலித் குடும்பம். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காந்தியத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் உறுதி எடுத்திருந்தார். அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் 1950ல் கல்யாணம் நடந்தது. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் தலித் உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட 1968ம் ஆண்டுக்குப் பிறகு இருவரும் அந்தப் பக்கம் போய்த் தங்கிவிட்டார்கள். சமத்துவம் என்ற பெரிய சொல்லை அவர்கள் ஓர் அளவுக்குள் கொண்டுவந்தார்கள்: ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் அளவில் நிலம், பத்திரம் பெண்ணின் பெயரில். 1981ல் தொடங்கிய ‘லாஃப்டி’ இயக்கத்தின் வேலையே இதுதான். நிலத்தை விற்கிறவரோடு பேசி, வங்கிக் கடனுக்கு நடந்து, ஒரு பத்திரம், அடுத்த பத்திரம் என்று போனது. கிருஷ்ணம்மாள் வள்ளலார் வழியில் தோய்ந்தவர். ஜோதியைத் தியானிக்கிறவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் காத்துக்கிடப்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. தியானம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

இவ்வளவு குறிவைத்து வாழ்கிறவர்களுக்கு மன அமைதி இருக்குமா என்று கேட்கத் தோன்றும். பலனை எதிர்பார்க்காதே என்கிற கீதையின் ஊரில் இலக்கு எதற்கு? பூஜை இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. தொடக்கத்தில் சங்கல்பம் இருப்பதுபோல் முடிவில் சமர்ப்பணம் இருக்கிறது. செய்ததையெல்லாம் பகவானுக்கே என்று சொல்லி ஓர் உத்தரணி தீர்த்தத்தைக் கையிலிருந்து கீழே விடுகிறோம். மந்திரத்தில், செய்கையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள் என்றும் சேர்த்தே கேட்டுவிடுகிறோம். காலையில் திதி, நட்சத்திரம் சொல்லி அவ்வளவு கறாராகத் தொடங்கியவன் முடிவில் கணக்குக் கேட்காமல் எழுந்துவிடுகிறான். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதில்தான் தொந்தரவு. சங்கல்பம் மட்டும் தெரிந்தவனுக்கு இரவில் தூக்கம் வராது. சமர்ப்பணம் மட்டும் பேசுகிறவன் வேலையே தொடங்குவதில்லை. அவன் பக்தியில் சோம்பல் அதிகம்.

காந்திகிராமம் முழுதாக வென்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கிராமம் தன் துணியைத் தானே நெய்து தன் காலில் நிற்கும் என்பதும் அந்தக் கனவின் பகுதி. சின்னாளபட்டியின் கைத்தறிகள் பழையபடி இல்லை. அங்கே படித்துப் பட்டம் வாங்கும் பிள்ளைகள் பலர் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஒரு பாதி நடந்தது, ஒரு பாதி கிடக்கிறது. பிறக்கவேண்டிய பிள்ளைகள் பிறந்தார்கள், தாய்மார்கள் பிழைத்தார்கள். கிடக்கிற பாதிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். நேற்றைய சங்கல்பத்தை இன்று அப்படியே சொல்ல முடியாது. திதி மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், சொல்கிறவர் பெயரும் மாறியிருக்கும். மாற்றிச் சொல்லித் தொடங்க வேண்டும். ஊர் பெயர் அதேதான்.