சிறைக்குள் ஒரு தொண்டு



திருக்குறளில் 93ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் கடைசி இரண்டு குறள்களையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒன்பதாவது குறளில் வள்ளுவர் ஏறக்குறைய கைவிரித்தே விடுகிறார். குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டிப் புத்தி சொல்வது, தண்ணீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போல என்கிறார். அப்படியானால் வழியே இல்லையா? பத்தாவது குறளில் ஒரு கேள்வி கேட்கிறார்: தான் தெளிந்திருக்கும் வேளையில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கிறானே, அப்போதாவது தன் நிலையை நினைக்க மாட்டானா? உபதேசம் தோற்ற இடத்தில், அதே துன்பத்தில் உழன்ற இன்னொரு மனிதன் போதும் என்ற குறிப்பு இதில் இருக்கிறது.

குறளைப் படித்திராத ஓர் அமெரிக்கர் இதை வாழ்ந்து கண்டார். 1935ஆம் ஆண்டு மே மாதம். பில் வில்சன் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழில் விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்தார். காரியம் கைகூடவில்லை. ஓட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம். இன்னொரு பக்கம் தொலைபேசி. குடித்துவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு ஒரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அவர் கடைசியாகக் குடித்த நாளென்று சொல்லப்படும் ஜூன் 10 தான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று மீளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பிறந்த நாள்.

அதற்கு முன்பும் பில் பல குடிநோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசியிருந்தார். அவர்களில் ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் பேசப் போனவர் குடிக்காமல் இருந்தார்! தொண்டின் முதல் பலன் தொண்டு செய்பவனுக்கே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1942இல் இந்தத் தொண்டு சிறைக்குள் நுழைந்தது. கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில், கண்காணிப்பாளர் கிளின்டன் டஃபி காலத்தில், கைதிகளுக்கான முதல் குழு அமைந்தது. அன்றுமுதல் வெளியே இருப்பவர்கள் உள்ளே போய் வருகிறார்கள்.

உள்ளே போகிறவர் என்ன செய்கிறார்? "என்ன குற்றம் செய்தாய்?" என்று கேட்பதில்லை. "குடித்த காலத்தில் நான் இப்படி இருந்தேன், இது நடந்தது, இப்போது இப்படி இருக்கிறேன்" என்று தன் கதையைச் சொல்கிறார். ஜாமீன் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. கடிதமோ பணமோ கடத்துவதில்லை. சிறை விதி எதுவோ அதற்குக் கட்டுப்படுகிறார். இன்ன தெய்வத்தைத்தான் கும்பிட வேண்டும் என்றும் வற்புறுத்துவதில்லை. கடவுளை அவரவர் உணர்ந்தபடி ஏற்கலாம். குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு நடுக்கமோ வலிப்போ வந்தால் அது மருத்துவரின் வேலை என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்பர்களே, சிறைக்குள் குடிக்காமல் இருப்பதில் பாதி, மதிலின் வேலை. மதில் விலகும் நாளில்தான் சோதனை. கையில் கொஞ்சம் பணம், பழைய நண்பர்கள், போகும் வழியெல்லாம் கடை. அதனால்தான் விடுதலைக்கு முன்பே வெளியில் ஒரு துணையை ஏற்பாடு செய்கிறார்கள். வெளியே வந்ததும் அவர் முதல் கூட்டத்துக்குக் கூட்டிப் போகிறார். அந்த முதல் நாளில் தனியாக விடாதிருப்பது நூறு உபதேசத்துக்குச் சமம்.

நாம் ஆலயத்தில் உழவாரப் பணி செய்கிறோம். அப்பர் பெருமான் காட்டிய வழி அது. அவரும் சூலை நோயில் துடித்து, தமக்கையாரின் துணையால் கரை சேர்ந்தவர்தானே? நோயின் கொடுமை அறிந்தவர் கையில் தொண்டு தானாகவே கனிகிறது.

ஆகவே, குடியிலிருந்து மீண்டவர்களே, உங்கள் பழைய அவமானத்தை மறைத்து வைக்காதீர்கள். உள்ளே ஒருவருக்கு அதுதான் மருந்து. குடியை அறியாதவர்களே, நீங்கள் வண்டி ஓட்டலாம், புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம், வெளியே வருகிறவருக்கு வேலை தேடித் தரலாம். யாராயினும் ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பாதியில் கைவிடப்பட்டவர்கள்தான் அங்கே அதிகம். அவர்களைக் கைவிடாத மனத்தை இறைவன் நமக்கு அருளட்டும்.