பதிவேட்டில் தேடிய பாட்டன்

திருமணம் நிச்சயமானதும் பங்குத்தந்தை முதலில் கேட்பது திருமுழுக்குச் சான்றிதழை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் கத்தோலிக்கருள் பலர் அதற்காக வெளியூர்ப் பங்கிற்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், பிழைப்பை நாடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுக்கு வீடு இங்கே. பெயர் எழுதப்பட்ட ஏடு அங்கே.

அவ்வாறு முத்துக்குளித்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெரியவர் எனக்கு நெடுநாள் பழக்கமானவர். குடும்பப் பெயர் பர்னாந்து. பேரனுக்குப் பெண் பேசியபோது, "எங்கள் உடம்பில் ஓடுவது போர்த்துக்கீசிய இரத்தம்" என்று பெண் வீட்டாரிடம் பெருமையோடு சொல்லியிருந்தார். சான்றிதழ் வாங்கச் சொந்த ஊருக்குச் சென்ற பேரன், பங்குத்தந்தையின் அனுமதியுடன் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தான். பக்கத்துக்குப் பக்கம் பாதிப்பேர் பர்னாந்து. மீதிப்பேர் ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது. ஓர் ஊர் முழுவதும் மூன்று நான்கு வெள்ளைக்காரருக்குப் பிறந்திருக்க இயலாதன்றோ? திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டான்: "மாமா, இதைத் தாத்தாவிடம் சொல்லத்தான் வேண்டுமா? பெண் வீட்டாருக்கும் தெரிவிக்க வேண்டுமா?"

இக்கேள்விக்கு விடை காணுமுன், அந்த ஏடுகள் எதற்காக எழுதப்பட்டன என்பதை அறிதல் நலம். திருமணங்களையும் அவற்றின் சாட்சிகளையும் ஏட்டில் பதிய வேண்டும் என்றும், திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயர்களை எழுதிவைக்க வேண்டும் என்றும் 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பணித்தது. மறைவாக நடந்த மணங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் கதியற்றோராக்கியதும், ஞான உறவு திருமணத் தடையாகக் கருதப்பட்டதுமே அதற்குக் காரணங்கள். 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இப்பதிவு முறையை மேலும் செம்மைப்படுத்தியது. ஆக, குலப்பெருமை காட்டவென்று எழுதப்பட்டவையல்ல இவ்வேடுகள். 'இவர் நம்மவர், இவருக்கு இன்னார் பொறுப்பேற்றார்' என்று திருச்சபை எழுதிவைத்த சாட்சியமே அவை.

போர்த்துக்கீசிய வழிவந்தோர் நம்மிடையே இல்லை என்பதன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாந்தோமில் அவர்கள் குடியேறினர். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாயிற்று. 1639இல் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயரை வரவழைத்ததில் பெரும்பங்கு கொண்ட அய்யப்ப நாயக்கர் நம் பூந்தமல்லியில் இருந்தவரே. கோட்டை எழுந்ததும் சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியரும் கலப்பினத்தாரும் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆங்கிலோ இந்தியச் சமூகத்தில் உள்ளனர்.

ஆனால் முத்துக்குளித்துறையின் கதை வேறு. 1535க்கும் 1537க்கும் இடையே பரதவர் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். புனித சவேரியார் அங்கு வந்தது 1542இல். திருமுழுக்கோடு போர்த்துக்கீசியப் பெயர்களும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. பெயரைக் கொண்டுவந்தது தண்ணீர்; இரத்தம் அன்று. போர்த்துக்கீசியக் குடியிருப்புகளில் அடிமைகளாய் இருந்தோரும் திருமுழுக்குப் பெற்றனர். எசமானரின் குடும்பப் பெயரைச் சுமந்தோரும் அவர்களுள் உண்டு. ஆகவே ஏட்டில் காணும் ஓர் அயல்நாட்டுப் பெயர் தந்தையைக் குறிக்கலாம், ஞானத்தந்தையைக் குறிக்கலாம், எசமானனையும் குறிக்கலாம். பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்ட இயலாது.

முன்னோரைத் தேடுவது தவறா? இல்லை. தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் கட்டளை அவர்தம் தாய் தந்தையரையும் தழுவியதே. ஆனால் தேடுகிறவர் எவரைத் தேடுகிறார் என்பதில்தான் சிக்கல். கடல் கடந்து வந்த ஒருவனைத் தேடுகிறோம். அவனுக்கு முன்பே இக்கரையில் இருந்த பெண்ணைத் தேடுகிறோமா? ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கும் நம் அரசியலமைப்பின் 366ஆம் பிரிவுகூட தந்தைவழி ஐரோப்பிய மூதாதையையே கணக்கில் கொள்கிறது. கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகளை உள்நாட்டுத் தாய்மார் பெற்றுப் பாலூட்டி வளர்த்தனர். அவர்களின் குலமும் ஊரும் நினைவில் நிற்கவில்லை. வெளுத்த தோலுடைய பாட்டன் ஒருவனுக்காகக் கறுத்த பாட்டிகள் பலரை மறப்பது எவ்வகை நன்றி? சாதிப் பெருமையைக் கண்டிக்கும் நாம், அதே பெருமையை வேறு பெயரில் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளலாமா?

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார். மறைக்கத்தக்கவர்கள் என்று உலகம் கருதியிருக்கக்கூடிய தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரை அதில் துணிந்து எழுதுகிறார். அதைவிட வியப்பு அட்டவணையின் முடிவில் உள்ளது. ஆபிரகாமிலிருந்து இறங்கிவரும் அந்தக் கொடிவழி சூசையப்பரில் வந்து நிற்கிறது. அவரோ இயேசுவுக்கு இரத்த உறவினர் அல்லர். அவரைத் தம் மகனாய் ஏற்றுப் பெயரிட்டவர். தாவீதின் மகன் என்னும் உரிமை நம் ஆண்டவருக்கு வந்தது, ஒருவர் அவரை ஏற்றுக்கொண்டதால். அப்படியிருக்க, ஏற்றுக்கொண்டவரின் பெயரைத் தாங்குவதை இரத்தத்தின் பெயரைத் தாங்குவதற்குத் தாழ்ந்ததென எங்ஙனம் கூறுவோம்?

இதையே அந்த இளைஞனிடம் சொன்னேன். தாத்தா பொய் சொல்லவில்லை. தாம் கேட்டதைச் சொன்னார். ஆனால் உண்மை தெரிந்த பின்னும் நீ மௌனமாயிருந்தால் அது உன் பொய்யாகும். மணவாழ்வின் வாயிலில் வைக்கத்தக்க பொருளன்று அது. தாத்தாவிடம் தனியே, மரியாதையோடு சொல். பெண் வீட்டாரிடம் சொல்லும் உரிமையை அவருக்கே விட்டுவிடு என்றேன்.

அவ்வாறே செய்தான். பெரியவர் இரண்டு நாள் எவரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் பேரனை அழைத்து, "என் பாட்டனாருக்கு ஞானத்தந்தை யார் என்று எழுதியிருந்தது?" என்று கேட்டார். அவன் குறித்து வந்திருந்த பெயர் அதே கடற்கரையில் வாழ்ந்த மற்றொரு பர்னாந்துவின் பெயர். அதைக் கேட்டுத் தலையசைத்தவர், அன்று மாலையே பெண் வீட்டுக்குச் சென்று செய்தியைத் தம் வாயாலேயே சொல்லி வந்தார். திருமணம் குறித்த நாளில் நடந்தது.

இங்கே நடந்த அத்திருமணத்தைப் பங்குத்தந்தை, திருச்சபைச் சட்டப்படி, மணமகன் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்குத் தெரிவித்தார். அந்த ஏட்டில் அவன் பெயருக்கருகே இச்செய்தியும் இப்போது பதிவாகியிருக்கும். நூறாண்டு கழித்து அவனுடைய கொள்ளுப்பேரன் எவனேனும் அப்பக்கத்தைப் புரட்டலாம். தன் பாட்டனின் இரத்தம் எத்தகையது என்பதை அந்த வரி அவனுக்குக் கூறாது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, சாட்சிகளின் முன்னே வாக்களித்து வாழ்ந்த ஒருவன் தனக்கு முன்னோனாய் இருந்தான் என்பதை மட்டும் கூறும். பெருமை கொள்ள அது போதாதா?