வரிசையின் கணக்கு தெரிந்தவர்களுக்கு

ஆலைப் பொறியாளர்களே, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வாகன ஆலை லைனில் ஒரு வண்டி எந்த இடத்தில் எத்தனை நொடி நிற்கலாம் என்று துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். உதிரிபாக லாரி தாமதமானால் எந்த நிமிடம் உற்பத்தி நிற்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த லாரி வரும் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை ஏற்றிச் செல்லும் 108 வண்டி போய்ச் சேரும்போது மருத்துவமனையில் கட்டில் இருக்குமா? அந்தக் கணக்கையும் போடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கான கணிதம் நூறாண்டுக்கு மேல் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909-இல் தொடங்கி வைத்தார். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதியைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். அவசரப் பிரிவுக்கு மணிக்கு 6 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 4 மணி நேரம் இருக்கிறார்கள் என்றால், எந்நேரமும் சராசரியாக 24 பேர் உள்ளே இருப்பார்கள். மாடி வார்டில் இடம் கிடைக்காமல் இன்னும் 2 மணி நேரம் காக்க நேர்ந்தால் 36 பேர். புதிதாக ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை. ஆனாலும் 12 பேர் ஸ்ட்ரெச்சரிலும் தரையிலும் கிடப்பார்கள். வார்டு மருத்துவர்களே, டிஸ்சார்ஜ் சீட்டை மாலைவரை வைத்திருக்காதீர்கள். காலை ரவுண்ட்ஸிலேயே கையெழுத்திடுங்கள்.

நிர்வாகிகளுக்கு இன்னொன்று. ஒருவரைப் பார்க்க ஒரு மருத்துவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகிறது என்று கொள்ளுங்கள். அவர் நேரத்தில் 80 சதவீதம் நிறைந்திருந்தால், முன்பின்னாக வருகிறவர்கள் சராசரியாக 40 நிமிடம் காத்திருப்பார்கள். 90 சதவீதமானால் 90 நிமிடம். 95 ஆனால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். காலிக் கட்டிலையும் ஓய்ந்திருக்கும் நர்ஸையும் வீண்செலவு என்று எழுதாதீர்கள்.

ஆனால் ஏட்டுச் சூத்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தவும் கூடாது. நோயாளிகள் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தொடர்பின்றி வருவார்கள் என்றே அது எடுத்துக்கொள்கிறது. நம் பகுதியில் ஒரே கம்பெனி பஸ்ஸில் பலர் போகிறார்கள், ஒரே விடுதிச் சமையலை நூற்றுக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டார்கள். எந்தச் சராசரியும் அந்த நாளை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. எந்த விடுதியில் எத்தனை பேர், எந்த ஷிப்ட் எப்போது விடுகிறது, அந்நேரம் எத்தனை பஸ் சாலைக்கு வருகிறது என்பதை ஆலைகள் முன்பே கொடுத்திருந்தால்தான் மருத்துவமனை ஆள் சேர்த்துத் தயாராக முடியும். இதை மறைத்து வைப்பது அநீதி.

அதே மாதம் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆகவே தொகையைக் காட்டி யாரும் வாசலில் நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துத்தான் பார்க்கிறார்கள். பச்சையில் இருக்கும் உங்கள் மாமாவுக்காக எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து போன் போடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு போனில் சிவப்பில் இருக்கும் யாரோ ஒருவர் பின்னே போகிறார்.

எண்களைத் திருத்தவும் வேண்டாம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுகளுக்கு நான்கு மணி நேர இலக்கு வைத்தபோது, நான்காம் மணி முடியப்போகும் நிமிடங்களில் நோயாளிகள் கும்பலாக அங்கிருந்து அனுப்பப்பட்டதைப் பதிவேடுகளே காட்டின. இலக்கு நிறைவேறியது. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த நிமிடம் ஏற்ற நிமிடம் என்று கேட்க வேண்டாமா?

ஆலைப் பொறியாளர்களே, மருத்துவமனை அனுமதியோடு ஒரு வாரம் இரவுபகலாக முறைவைத்து அவசரப் பிரிவு வாசலில் நில்லுங்கள். வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், வெளியே போன நேரம், நிறம். பெயர் வேண்டாம். அந்தத் தாளைக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்து, எந்த மணிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து போடுங்கள். ஷிப்ட் நேரம் மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி போடுங்கள்.